கரும்பு நிற்கும்போது வியன்னா

பெருமாயி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் தேடிப் போய்த்தான் இவ்வளவு வினையும் வந்து சேர்ந்தது.

கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் வரலாற்று ஆசிரியை. முதல் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் ஐரோப்பா வரைபடத்தை மாட்டி, பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று குச்சியால் தொட்டுக் காட்டி, இந்த மூன்று ஊரும் ஒரே பேரரசரின் கையில் இருந்தன என்று சொல்லும்போது பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க அந்த ஊருங்கள பாத்திருக்கீங்களா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரி, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும், உக்காரு" என்று அதட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அதே பாடத்தை நடத்தினேன். குச்சியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், பார்க்காத ஊரைப் பார்த்தவள் மாதிரி அளக்கிறோமே என்று உள்ளே குத்தும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மகள் இலக்கியாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள். "கிளம்பும்மா, நான் புக் பண்றேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிராகில் இரண்டு இரவு. அங்கிருந்து நாலு மணி நேர ரயிலில் வியன்னா, அங்கே மூன்று இரவு. கடைசியாகப் புடாபெஸ்ட். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிச் சென்னை போய்ச் சேருவதற்குள் அங்கே ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்துக்கே போய்விடலாம். அதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பாக வரும். பழைய வரைபடம் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். எந்தப் பாலத்தில் காலையில் நடப்பது, எந்த அரண்மனைக்கு எப்போது டிக்கெட் எடுப்பது, மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது என்று சாப்பிடும்போதுகூட அதே நினைப்புதான்.

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் முழு விவசாயி. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் நின்று என்னைக் கிண்டல் செய்வார்.

"அந்த ராஜா எத்தினி ஏக்கரு வச்சிருந்தான் கமலா?"

"ஏக்கர் இல்லைங்க. தேசம் தேசமா வச்சிருந்தான்."

"அவ்ளோத்துக்கும் கட்டிங் ஆர்டரு யாரு குடுத்தது?"

சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தக் கட்டிங் ஆர்டர்தான் எங்கள் கழுத்தைப் பிடிக்கப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் நிலம். கரும்பு. ஆலைக்குப் பதிந்த கரும்பை நினைத்த நாளில் வெட்டிவிட முடியாது. நட்ட தேதிப்படி முறை வந்து, ஆலை கட்டிங் ஆர்டர் என்கிற வெட்டு உத்தரவு கொடுத்தால்தான் கத்தி வைக்கலாம். உத்தரவு வந்த நேரத்தில் வெட்டாமல் விட்டால் முறை போய்விடும், கரும்பு நின்ற இடத்திலேயே காயும். வெட்டு ஆளைப் பிடிப்பது, டிராக்டர் பேசுவது, எடை போடுவது என்று எல்லாவற்றுக்கும் நிலத்துக்காரன் கூடவே நிற்கவேண்டும். எங்கள் கணக்குப்படி மாசிக்குள் உத்தரவு வந்துவிடும், பங்குனியில் நிலம் காலியாகிவிடும், சித்திரை பிறந்ததும் விமானம் ஏறிவிடலாம். அதை நம்பித்தான் சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்தோம், விசாவும் வாங்கினோம். விசாவில் போட்ட தேதிக்குள் போனால்தான் உண்டு.

பங்குனி பாதி ஆகியும் உத்தரவு வரவில்லை. இந்த வருஷம் எல்லாரிடமும் கரும்பு ஜாஸ்தி. ஆலை ஃபீல்டுமேன் வந்து கரும்பைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க முறைக்கு சித்திரை கடைசி ஆவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ இலக்கியாவக் கூப்டுகினு போய்ட்டு வா கமலா. கரும்பு நிக்கசொல்ல நான் எப்டி வர்றது?"

இலக்கியாவுக்கு விசாவும் இல்லை, லீவும் இல்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்றே பார்க்கவில்லை.

"வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து உங்க கரும்பு கூடத்தான் நான் குடும்பம் நடத்தறேன். என் அப்பா செத்ததுக்கு நான் தனியா போனேன், அன்னிக்கு கரும்பு வெட்டு. இலக்கியா பொறந்தப்போ நீங்க ஆலை வாசல்ல. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி என் கூட வாங்கன்னு கேட்டேன். அதுக்கும் வந்து நிக்குது. நீங்களும் உங்க கரும்பும் நல்லா இருங்க."

அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். நான் சுவரிலிருந்த வரைபடத்தைப் பிய்த்துச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் சொருகினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவர் நிலத்துக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்து பழைய சோற்றுக்கு உட்கார்ந்தார். நாலு வாய்கூட இறங்கியிருக்காது, தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். வெளியே வந்து பார்த்தால் எங்கள் நிலம் இருக்கிற திக்கில் புகை. கரும்பு எரிகிற சத்தம் வீடு வரைக்கும் படபடவென்று கேட்டது. அவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்.

விடியற்காலையில் காற்றே இல்லை. வெயில் ஏறியதும் மலைப் பக்கமிருந்து மேல்காற்று கிளம்பியது. எங்கள் கரும்பு மொத்தமும் தோகை கருகி நின்றது. அதோடு விடவில்லை. நெருப்பு வரப்பைத் தாண்டிக் கீழண்டை இரண்டு ஏக்கருக்கும் போய்விட்டது. அது எங்கள் நிலம்தான், ஆனால் குத்தகைக்கு விட்டிருந்தோம். குத்தகைக்கு எடுத்திருந்தது பெருமாயியும் அவள் புருஷன் பெரியண்ணனும். அதே பெருமாயிதான். மலையில் சாமையும் தினையும் விளைவித்துப் பிழைத்த குடும்பம். டீச்சர் வீட்டு நிலம் என்ற தைரியத்தில் கீழே இறங்கி வந்து குடிசை போட்டு முதன்முதலாகக் கரும்பு வைத்திருந்தார்கள்.

எரிந்த கரும்பில் ஒரு விஷயம் இருக்கிறது. முற்றிய கரும்பு தீப்பிடித்தால் தோகைதான் போகும், தண்டு நிற்கும். ஆனால் நாளாக ஆக எடையும் சாறும் குறையும். அதனால் ஆலை அதை முறை பார்க்காமல் முதலில் எடுத்துக்கொள்ளும், விலையில் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஃபீல்டுமேன் அன்று மாலையே வந்தார். மறுநாளே வெட்டச் சொல்லி உத்தரவு கையில் வந்துவிட்டது. பெருமாயியின் கரும்போ இடுப்பு உயரத்தைத் தாண்டிய இளங்கரும்பு. அதை ஆலையும் எடுக்காது, மாடும் தின்னாது. வெட்டித் தள்ளிவிட்டு அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட வேண்டியதுதான். ஆறு மாச உழைப்பு கரியாகிவிட்டது.

எங்கள் கரும்பை வெட்டி ஏற்றி முடித்த அன்று இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நடந்தது நடந்து போச்சு. நிலம் காலி ஆயிடுச்சி இல்ல, பொட்டியக் கட்டு கமலா. ரெண்டு பேருமே போலாம்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், வந்தது. பெருமாயியின் நிலம் கருகிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும், அலமாரிக்குப் பின்னாலிருந்த வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் ஒட்டினேன். வியன்னாவில் குளிரும் என்று அவருக்கு ஸ்வெட்டர் வாங்கக் கடைத்தெருவுக்குக்கூடப் போய்வந்தேன்.

மறுநாள் காலை பெரியண்ணனும் பெருமாயியும் வீட்டுக்கு வந்தார்கள். பெருமாயி கையில் ஒரு பை நிறையச் சாமை அரிசி. பெரியண்ணன் வாசற்படியைத் தாண்டவில்லை. இவரைப் பார்த்ததும் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்துவிட்டான்.

"என்ன மன்னிச்சிடுங்க சார். நான்தான் உங்க கரும்பக் கொளுத்திட்டேன்."

"இன்னா பெரியண்ணா, இன்னா சொல்ற நீ?" என்றார் இவர்.

"அன்னிக்கு காலீல தண்ணி கட்டிக்கினு இருந்தேன் சார். வரப்புல குந்தி ஒரு பீடி குடிச்சேன். அணைச்சேனா இல்லியான்னு நெனப்பே வரல. தூக்கிப் போட்டுட்டு கஞ்சி குடிக்க குடிசைக்குப் போய்ட்டேன். திரும்பி வரசொல்ல எல்லாம் எரியுது. என் கரும்பு போனா போவட்டும் சார். உங்க கரும்ப எரிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க குந்திக்கினு இருக்கறது?"

பெருமாயி தலையைக் குனிந்தபடி நின்றாள். இவர் குனிந்து பெரியண்ணன் தோளைத் தொட்டுத் தூக்கினார். அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். அவன் வெட்கப்படுவானே என்ற இரக்கத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுந்திரு. தெரியாம நடந்ததுக்கு இன்னா பண்றது. வுடு, மனசுல வச்சிக்காத" என்றார்.

பெரியண்ணன் அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், தேம்பித் தேம்பி. இப்படி ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அந்த நிமிஷம் இவரை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமாயி பையை என்னிடம் கொடுத்தாள். "எங்க மலைச் சாமை டீச்சர். எங்களால ஊருக்குப் போறத நிறுத்திடாதீங்க. நீங்க பாடத்துல சொன்ன ஊருதான? போய்ட்டு வாங்க. வந்து எப்டி இருந்துச்சின்னு சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு பையை வைக்கப் பின்கட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் தானியம் வைப்பது. கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. கருப்புக் குழாய், வளையம் வளையமாகச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தது. எங்கள் நிலத்துச் சொட்டுநீர்க் குழாய். ஒரு இடத்தில்கூடப் பொசுங்கவில்லை.

விவசாயி வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். கரும்பு நிற்கும் வரைக்கும் அந்தக் குழாய் வரிசை வரிசையாக நிலத்தில்தான் கிடக்கும். வெட்டு உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அதைச் சுருட்டுவார்கள். உத்தரவு வந்ததோ நெருப்புக்கு அப்புறம். அப்படியென்றால் நெருப்புக்கு முன்னாலேயே குழாயைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்க ஒருவரால்தான் முடியும். நான் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அங்கேயே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களா வச்சீங்க?"

"காத்தே இல்ல கமலா. நெருப்பு தாண்டக் கூடாதுன்னு வரப்போரம் சுத்திச் சருகெல்லாம் கூட்டித் தள்ளிட்டுத்தான் வச்சேன். நம்ம கரும்பு மட்டும்தான் எரிஞ்சிருக்கணும். எல்லாரும் பண்றதுதான. அந்தக் காத்து எங்கேர்ந்து வந்துச்சோ."

"அவன் கால்ல வுழுந்தானே."

"நான் இன்னா பண்ணட்டும்? அவனே வந்து வுழறான். வாய் வரைக்கும் வந்துச்சி, வெளிய வரல." கதவைப் பிடித்துக்கொண்டார். "உனக்காகத்தான் கமலா. நீ அன்னிக்கு அப்டிச் சொன்னியா, எனக்கு சோறே எறங்கல. ஒருவாட்டியாவது உன் கூட வந்துடணும்னு தோணிச்சி."

இதைக் கேட்டு நான் உருகவேண்டுமா, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கவேண்டுமா? எனக்கு இரண்டும் வந்தது. இவரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று நான் ஏங்காத நாள் இல்லை. அது வந்த நேரத்தைப் பார்த்தீர்களா.

"போய்ச் சொல்லிட்டு வரலாம், வாங்க" என்றேன்.

"எதுக்கு? இந்த வருசம் குத்தகையே வாணாம்னு சொல்லிடறேன். மறுபடி நடவு போட வெதக் கரணையும் நானே தரேன். அவங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன். வெளிய தெரிஞ்சா ஆலையில என் பேரு இன்னா ஆவும், யோசிச்சிப் பாரு. ஊருல தல காட்ட முடியாது."

"குத்தகையத் திருப்பிக் குடுப்பீங்க. அவன் உங்க கால்ல வுழுந்தானே, அத எப்டித் திருப்பிக் குடுப்பீங்க?"

நான் சாமைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். அதைச் சமைத்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. ரோட்டில் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டேன், பின்னால் டி.வி.எஸ். வண்டிச் சத்தம். "ஏறு" என்றார். ஏறிக்கொண்டேன். நிலத்தை நெருங்கும்போதுதான், "நானே சொல்றேன்" என்றார். அவர் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டியிருந்தது.

பெரியண்ணன் கருகிய கரும்பை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். கை, முகம் எல்லாம் கரி. பெருமாயி அள்ளி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பெரியண்ணன் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

இவர் வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் போய் அவன் முன்னால் நின்றார். "பெரியண்ணா, உன் பீடி இல்ல. நான்தான் வச்சேன்" என்றார்.

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான். "வாணாம் சார். என் மனசு ஆறணும்னு நீங்க இப்டிச் சொல்றீங்க. டீச்சர், பாருங்களேன், சார் எனக்கோசரம் பழியத் தன் மேல போட்டுக்கறாரு."

"இல்லடா, மெய்யாலுமே நான்தான்."

"வுடுங்க சார். காலீலயே மன்னிச்சிட்டீங்க. இதுக்கு மேல நீங்க இப்டிப் பேசனா எனக்குத்தான் பாவம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்வதை நம்பவிடாமல் அவர் பெற்றிருந்த நல்ல பேரே குறுக்கே நின்றது. அதை உடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"பெரியண்ணா, எங்க கரும்பு வெட்டசொல்ல நீயும் இங்கதான இருந்த? சொட்டுநீர்க் குழா எரிஞ்சி கெடந்துச்சா?"

அவன் எங்கள் நிலத்தைப் பார்த்தான். வெட்டி முடிந்து வெறும் கட்டையாகக் கிடந்த நிலம். எரிந்திருந்தால் குழாய் உருகி வரிசை வரிசையாக மண்ணோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். அவன் கண் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் போய்த் திரும்பியது.

"இல்லியே" என்றான்.

"எங்க வூட்டுல இருக்குது. சுருட்டிக் கட்டி வச்சிருக்குது."

அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு மாசமாக அதே நிலத்துக்குப் பக்கத்தில் கரும்பு வளர்த்தவன். கையிலிருந்த துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டான். இவர் பக்கம் பார்க்காமலே குனிந்து கொடுவாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தான். இவர் குத்தகையைப் பற்றி, கரணையைப் பற்றி என்னவோ சொன்னார். அவன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

பெருமாயி வரப்பிலிருந்து இறங்கி என் அருகே வந்தாள். "எதுக்கு டீச்சர் வச்சாரு?"

"விசா தேதிக்குள்ள கரும்பு வெட்டணும்னு. ஊருக்குப் போறதுக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அந்த ஊருங்கள பாக்கணும்னு உங்களுக்கு அவ்ளோ ஆசையா டீச்சர்?"

குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்த வழியில் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ செய்திருப்பேன். அன்று வகுப்பில் எழுந்து நின்று கேட்டது போலவே, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். இந்த முறை உட்காரச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

"ஆமா பெருமாயி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் கையிலிருந்த சாமைப் பைக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசையைப் பார்த்து நடந்தாள். காலையில் வாசலில் சொன்னாளே, போய்ட்டு வாங்க என்று, அதை இப்போது சொல்லவில்லை.